மார்வின் கேயின் 1971 இசைத்தட்டு: ஒரே ஆள், இரண்டு குரல்

கேள்வி, 10 மார்ச் 2024

"அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தட்டைப் பெரிய பெரிய பட்டியல்களில் எல்லாம் தலைமேல் தூக்கி வைக்கிறார்கள். நானும் மூன்று முறை கேட்டுவிட்டேன். வியட்நாம் போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அது சொல்ல வந்த சேதி பழசாகிவிட்டது. இசையோ ஒரே பாட்டை ஒன்பது முறை கேட்டதுபோல் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் இதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்கிறீர்களே, எதை எடுத்துக்கொண்டார்கள்?"

10 மார்ச், இரவு 10.50

எதில் கேட்டீர்கள்? தட்டைச் சுழலவிட்டு, முள்ளை இறக்கி, எதிரே உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

முதலில் சின்னதாகப் பொரியும் சத்தம். அடுத்து வருவது பாட்டு இல்லை, பேச்சு. நாலைந்து ஆண்கள் வாசலில் சந்தித்துக்கொண்டதுபோல் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாக இதைப் போட்டபோது அடுப்படியிலிருந்து என் மனைவி, "யாரோ வந்திருக்கிறார்கள், கதவைத் திறங்கள்" என்று குரல் கொடுத்தாள். வந்திருந்தவர்களில் இருவர் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள்: மெல் ஃபார், லெம் பார்னி. அந்த அணியிலேயே சேர்ந்து ஆட வேண்டும் என்று மார்வின் கே மெய்யாகவே ஆசைப்பட்டு உடம்பைத் தயார் செய்துகொண்டிருந்த நாட்கள் அவை. கூட ஓடியவர்களைப் பாடவும் கூட்டிவந்துவிட்டார்.

பேச்சின் நடுவே ஆல்ட்டோ சாக்ஸஃபோன் நுழைகிறது. வாசித்தவர் ஈலை ஃபான்டைன். அவர் வாத்தியத்தைப் பதப்படுத்திக்கொள்ளச் சும்மா ஊதிப் பார்த்தது அது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று மார்வின் கே சொல்லிவிட்டார். உலகம் முழுக்கத் தெரிந்த தொடக்கம் அப்படி அமைந்தது.

தட்டின் பெயரையே கொண்ட அந்த முதல் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போயிற்று. அதுவரை அரசியல் பக்கம் தலைவைத்தும் படுக்காத டெட்ராய்ட் இசைத்தட்டு நிறுவனம் மோடவுன். அதற்குள்ளிருந்து இப்படி ஒரு தட்டு வந்தது என்பதே பெரிய சங்கதி. மீதியை நாளை எழுதுகிறேன்.

11 மார்ச், காலை 6.15

வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்று. உங்கள் கேள்விக்கான பதிலை நேற்றே எழுதியிருக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டதில் முதன்மையானது அந்த இரண்டு குரல்.

முதல் பாட்டில் முன்னால் நின்று பாடுகிறவர் மார்வின் கே. அவருக்குக் கொஞ்சம் பின்னால், அரை அடி தள்ளி, அதே வரியை வேறு விதமாக வளைத்துப் பாடுகிறவரும் மார்வின் கேதான். ஒருவர் சொன்னதை மற்றவர் ஆமோதிக்கிறார். ஒருவர் தயங்கும் இடத்தில் மற்றவர் முந்திக்கொள்கிறார். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார் அல்லவா? இங்கே கதை சொல்கிறவரும் ஆமா போடுகிறவரும் ஒரே ஆள்.

இது திட்டமிட்டு வந்ததும் இல்லை. இரண்டு முறை பாடிப் பதிவு செய்திருந்தார். எது நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒலிப்பதிவாளர் கென் சாண்ட்ஸ் இரண்டையும் ஒரே நாடாவில், தனித்தனித் தடமாக ஏற்றிக் கொடுத்தார். போட்டுக் கேட்கும்போது இரண்டும் சேர்ந்து ஒலித்தன. வேறு யாராக இருந்தாலும் நிறுத்திவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். இவர் இரண்டும் இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அப்படித்தான் பாடினார், தன் குரலைத் தன் குரல்மேல் அடுக்கி அடுக்கி.

11 மார்ச், இரவு 9.30

நேற்று எழுதியதில் ஒரு பிழை. முதலிடம் என்றேன். கறுப்பின இசைக்கான ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில்தான் முதலிடம். பொதுப் பட்டியலில் அது இரண்டாம் இடத்தோடு நின்றது. அதே தட்டிலிருந்து தனிப்பாட்டுகளாக வந்த ‘மெர்சி மெர்சி மீ’, ‘இன்னர் சிட்டி புளூஸ்’ இரண்டும் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தன. ஒரே தட்டில் மூன்று.

14 மார்ச்

இன்னொரு திருத்தம், முந்தியதைவிடப் பெரியது. மோடவுன் அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்று எழுதியது தவறு. 1970-லேயே எட்வின் ஸ்டார் போரைத் திட்டி ஒரு பாட்டுப் பாடி, அது பொதுப் பட்டியலில் முதலிடத்துக்கே போயிருக்கிறது. டெம்ப்டேஷன்ஸ் குழு அதே ஆண்டில் நாட்டின் குழப்பத்தை எல்லாம் ஒரே மூச்சில் அடுக்கிப் பாடியிருக்கிறது. இரண்டும் மோடவுனின் வெளியீடுகளே. இரண்டையும் இன்று மதியம் உட்கார்ந்து கேட்டேன்.

கேட்ட பிறகு எனக்குத் தெளிவானது இது. அவை மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்துக் கத்துகின்றன. நன்றாகவே கத்துகின்றன, குறை சொல்லவில்லை. மார்வின் கேயின் தட்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏன் இப்படி ஆகிறது என்று கேட்கிறது. அம்மாவைக் கூப்பிடுகிறது, அண்ணன் தம்பியைக் கூப்பிடுகிறது. குரல் உயர்வதே இல்லை. முதலில் பாடினார் என்பது சிறப்பு இல்லை. அடங்கிய குரலில் பாடினார் என்பதே சிறப்பு.

பாட்டின் விதை அவருடையது இல்லை. ஃபோர் டாப்ஸ் குழுவின் ரெனால்டோ பென்சன், 1969 மே மாதம் கலிஃபோர்னியாவில் பெர்க்லி மக்கள் பூங்காவில் இளைஞர்களைக் காவல்துறை அடித்து நொறுக்கியதைப் பார்த்தார். என்ன நடக்கிறது இங்கே என்ற அந்தக் கேள்வி மனசைவிட்டு அகலவில்லை. அல் கிளீவ்லாண்டோடு சேர்ந்து பாட்டாக்கினார். அவருடைய குழுவே எதிர்ப்புப் பாட்டு வேண்டாம் என்று ஒதுக்கியது. அப்படித்தான் அது மார்வின் கேயிடம் வந்தது. அவர் மெட்டைச் செதுக்கினார், வரிகளைச் சேர்த்தார், கடைசியில் தானே பாடினார்.

மோடவுன் நிறுவனர் பெரி கார்டிக்குப் பிடிக்கவில்லை. 1970 ஜூனில் பதிவான பாட்டு கிடப்பில் கிடந்தது. இதை வெளியிடும்வரை வேறு எதையும் பாடித்தர மாட்டேன் என்று மார்வின் கே உட்கார்ந்துவிட்டார். 1971 ஜனவரியில் வெளிவந்து, கடைகளில் தீர்ந்து, மேலும் மேலும் அச்சிட வேண்டியதாயிற்று. உடனே முழுத் தட்டு வேண்டும் என்று கேட்டார்கள். மார்ச் மாதத்தில் இரண்டு வாரத்துக்குள் மீதிப் பாட்டுகளைப் பதிவு செய்து, மே 21 அன்று தட்டு கடைக்கு வந்தது. மொத்தம் சுமார் 35 நிமிடம்.

அவர் அப்போது இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். அவரோடு ஜோடியாகப் பாடிக்கொண்டிருந்த டாமி டெரல் 1967-ல் மேடையிலேயே அவர் கையில் சாய்ந்தார். மூளையில் கட்டி. 1970 மார்ச்சில், 24 வயதில் இறந்துபோனார். மார்வின் கே மேடை ஏறுவதையே நிறுத்திவிட்டார். இந்த மனிதர் மெதுவாகப் பாடியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

16 மார்ச்

என்னிடம் இருக்கும் தட்டின் கதை.

1998-ல் டெட்ராய்ட்டை ஒட்டிய ஊரில், கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு இரண்டாம் ஷிப்ட். பக்கத்து இயந்திரத்தில் ஒரு கறுப்பினப் பெரியவர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. இரைச்சலில் பேச முடியாது; இடைவேளையில்தான் பேச்சு. நான் பாட்டுக் கேட்பேன் என்று தெரிந்ததும், ஒருநாள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு தட்டைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு டப்பாவின் மேல் வைத்தார். கொடுத்துவிட்டாரா, இரவல் தந்தாரா என்று புரியவில்லை. கேட்டேன். அவர் முதல் பக்கத்தின் இரண்டாவது பாட்டை விரலால் தொட்டுக் காட்டினார்: ‘வாட்ஸ் ஹாப்பனிங் பிரதர்’. "இது என் தம்பி" என்றார்.

அந்தப் பாட்டில் வியட்நாமிலிருந்து திரும்பிய ஒருவன் ஊரில் தெரிந்தவனிடம் விசாரிக்கிறான். ஆட்டபாட்டம் எல்லாம் எங்கே நடக்கிறது, நம் பேஸ்பால் அணி இந்த முறை ஜெயிக்குமா என்று. நடுவிலேயே, வேலை கிடைக்கவில்லை என்ற பேச்சும் வருகிறது. மார்வின் கேயின் தம்பி ஃபிராங்கி வியட்நாமில் இருந்து திரும்பியவர். அவர் எழுதிய கடிதங்களும் சொன்ன கதைகளுமே இந்தப் பாட்டுக்கு உயிர். பெரியவரின் தம்பியும் 1970-ல் திரும்பியவர். பல மாதம் வீட்டைவிட்டு வெளியே வராமல், மாடியில் இந்த ஒரு பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவாராம். என் தட்டில் அந்த இடத்தில் மட்டும் வரிப்பள்ளம் தேய்ந்து சாம்பல் பூத்திருக்கிறது. விளக்கில் சாய்த்துப் பிடித்தால் வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். முள் அங்கே போனதும் குரல் லேசாகக் கரகரக்கும். புதுத் தட்டில் இந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு ஏதோ குறைகிறது.

சேதி பழசாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வெள்ளை வளையத்தை உங்களுக்குக் காட்ட ஆசை.

17 மார்ச்

புதுத் தட்டு என்றதும் ஒருவர் எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். பெயர் சொல்லப்போவதில்லை, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இணையத்தில் வாங்கிய ஒரு மறுபதிப்பில் நடுத்துளை மயிரிழை விலகியிருந்தது. தட்டு சுழலும்போது முள்ளைத் தாங்கும் கை இடமும் வலமுமாக ஆடும், சுருதியும் கூடவே ஆடும். வயலின்கள் நீட்டிப் பிடிக்கும் இடங்களில் வயிற்றைக் கலக்கிவிட்டது. விற்றவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியவுடன் முதல் வேலையாக முள் ஆடுகிறதா என்று பாருங்கள்.

20 மார்ச்

பேஸ் கிட்டாரைப் பற்றி எழுதாமல் இந்த இழையை முடிக்க மாட்டேன்.

ஜேம்ஸ் ஜேமர்சன். வலதுகையின் ஒற்றை ஆட்காட்டி விரலால் மட்டுமே மீட்டுவார். தந்திகளை மாற்றவே மாட்டார். முதல் பாட்டின் ஒலிப்பதிவு அன்று அவர் எங்கோ ஒரு மதுக்கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தார் என்றும், தேடிப் பிடித்துக் கூட்டிவந்தபோது நாற்காலியில் உட்கார முடியாத நிலையில் தரையில் மல்லாந்து படுத்தபடி வாசித்தார் என்றும் சொல்வார்கள். படுத்துக்கொண்டு வாசித்ததா அது? பாட்டை மறந்துவிட்டு அந்தக் கீழ்க்குரலை மட்டும் பின்தொடருங்கள். தாளத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு நிற்காமல், பாடுகிறவரின் வரிக்கு அடியில் இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டே போகிறது. முன்பு இரண்டு குரல் என்று எழுதினேன் அல்லவா, இதைச் சேர்த்தால் மூன்று.

தட்டு முழுக்க அவர்தான் வாசித்தார் என்று பல வருடம் நினைத்திருந்தேன். ‘மெர்சி மெர்சி மீ’, ‘இன்னர் சிட்டி புளூஸ்’ இரண்டிலும் வாசித்தவர் பாப் பாபிட். ‘இன்னர் சிட்டி’யின் அந்தக் கனத்த, நகர மறுக்கும் பேஸ் அவருடையது. ஜேமர்சனின் விரல் ஓடும், பாபிட்டின் விரல் ஊன்றும். தெரிந்துகொண்ட பிறகு கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று கேட்கிறது.

பெயர்களைப் பற்றி. 1960-கள் முழுக்க மோடவுனின் அத்தனை வெற்றிப் பாட்டுகளுக்கும் வாசித்த அந்த டெட்ராய்ட் கலைஞர்களின் பெயர் எந்த உறையிலும் கிடையாது. சம்பளம் உண்டு, பெயர் இல்லை. இந்தத் தட்டின் உறையில்தான் முதன்முதலாக அவர்கள் பெயர்கள் அச்சாயின. கொங்கா மேளம் வாசித்த எடி பிரவுன், கிட்டார் வாசித்த ராபர்ட் வைட், ஜோ மெசினா, இசைக்கோர்வை செய்த டேவிட் வான் டிபிட். ஜேமர்சனின் பெயருக்கு முன்னால் ‘ஒப்பற்ற’ என்று ஓர் அடைமொழி. என் உறையின் உட்பக்கத்தில், பாட்டு வரிகளுக்கும் குடும்பப் படங்களுக்கும் அருகே, அந்தப் பெயர்களைத் தேடித் தேடிப் படித்த இரவு எனக்கு மறக்காது.

2009-ல் டெட்ராய்ட்டின் மேற்கு கிராண்ட் பூலவார்டில், மோடவுனின் ஒலிப்பதிவுக்கூடமாக இருந்த அந்த வீட்டுக்குப் போனேன். இப்போது அது அருங்காட்சியகம். ஒலிப்பதிவு அறை அவ்வளவு சின்னது. இதற்குள் இத்தனை பேர் எப்படி நின்றார்கள் என்று திகைத்தேன். கட்டுப்பாட்டு அறையில், மேசைக்கு அடியில், கால் தட்டித் தட்டித் தரை தேய்ந்திருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன், கூட்டிப்போனவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

24 மார்ச்

எதை எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன்.

பாடகர் டானி ஹாத்தவேயின் 1972 நேரலைத் தட்டு ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டோடுதான் தொடங்குகிறது. முதல் வரி வந்ததும் கூட்டம் எழுப்பும் ஆரவாரத்தைக் கேளுங்கள். பாட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம், அதற்குள் ஊர்ச் சொத்தாகிவிட்டது. அரிதா ஃபிராங்க்ளின் 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் பதிவு செய்த தட்டில், மார்வின் கே தட்டின் ‘ஹோலி ஹோலி’யைப் பாடினார். மார்வின் கே பிரசங்கியாரின் மகன். தேவாலயத்திலிருந்து எடுத்த குரலை அரிதா தேவாலயத்துக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார். கில் ஸ்காட்-ஹெரன் ‘இன்னர் சிட்டி புளூஸை’ எடுத்துத் தன் பேச்சையும் அதில் சேர்த்தார். சாக்ஸஃபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியர் தன் முதல் தட்டுக்கே அந்தப் பெயரை வைத்தார். அப்படியே 2000-க்கு வந்து பாடகர் டி’ஆஞ்சலோவின் ‘வூடூ’ தட்டைப் போடுங்கள். ஒரே ஆளின் குரல் ஐந்தாறாகப் பிரிந்து தனக்குத்தானே முணுமுணுக்கிறது. அந்த வழி எங்கிருந்து வருகிறது என்பதை இனி நீங்களே சொல்வீர்கள்.

அதே நாள், பின்னிரவு

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதில் ஸ்டீவி வொண்டரைச் சேர்த்திருந்தேன், பிறகு அடித்துவிட்டேன். அவர் மோடவுனிடமிருந்து தன் இசைமேல் உரிமையைப் பெற்றதற்கு மார்வின் கே வழிதிறந்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் ஸ்டீவி தன்னிச்சையாகச் செய்த ‘வேர் ஐ’ம் கமிங் ஃப்ரம்’ 1971 ஏப்ரலில் வந்துவிட்டது, மார்வின் கேயின் தட்டுக்கு ஒரு மாதம் முன்னால். இருவரும் ஒரே சுவரை இரண்டு பக்கத்திலிருந்து இடித்தார்கள் என்பதே நியாயம். மெம்ஃபிஸில் ஐசக் ஹேஸ் 1969-லேயே நாலே நாலு நீண்ட பாட்டுகளில் ஒரு முழுத் தட்டை நிரப்பிக் காட்டிவிட்டார். சோல் எனும் கறுப்பின அமெரிக்கப் பாட்டுவகை என்றால் மூன்று நிமிடத் தனிப்பாட்டு என்ற கணக்கை முதலில் உடைத்த பெருமை அவருக்குப் போகட்டும்.

மார்வின் கேக்கு மிஞ்சுவது குறைவில்லை. பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாமல், ஒன்றின் வாலை அடுத்ததன் தலையாக்கி, ஒரு மனிதனின் ஒரு மாலைநேர யோசனைபோல முழுப் பக்கத்தையும் ஓடவிட்டது அவர் செய்தது.

1 ஏப்ரல்

இன்றோடு 40 ஆண்டு. 1984-ல் இதே நாளில், 45-ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், பெற்ற தகப்பனின் துப்பாக்கியால் இறந்தார். முதல் பாட்டில் அப்பாவிடம் அவர் இறைஞ்சும் இடம் ஒன்று இருக்கிறது. இன்று அந்தப் பக்கத்தை வைக்கவில்லை.

6 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். ஒரு நண்பர் வீட்டில் தட்டில் கேட்டாராம். முதல் பாட்டின் இரண்டு குரலும் கேட்டதாம், பேஸும் கேட்டதாம். "ஆனாலும் முதல் பக்கத்தின் நடுவில் எந்தப் பாட்டில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை" என்கிறார்.

நீங்கள் சொல்வது சரி. அங்கே எனக்கும் தெரியாது. மூன்றாவது பாட்டு, போதைக்குள் மூழ்கிய ஒருவனின் முனகல். அது எப்போது குழந்தைகளைப் பற்றிய அழுகையாக மாறியது, எப்போது பிரார்த்தனையாயிற்று என்று இத்தனை வருடம் கேட்டும் கோடு கிழித்துக் காட்ட என்னால் முடியாது. அதை நான் குறையாக எண்ணவில்லை. நீங்கள் குறையாக எண்ணினால் மல்லுக்கட்டப்போவதும் இல்லை.

ஒன்று செய்து பாருங்கள். 2001-ல் வந்த விரிவான பதிப்பில் இரண்டு புதையல்கள் உள்ளன. ஒன்று, லாஸ் ஏஞ்சலஸில் மறுபடி கலந்து மெருகேற்றும் முன் டெட்ராய்ட்டிலேயே செய்த முதல் ஒலிக்கலவை. வயலின்களின் பளபளப்பு குறைவு, தாளவாத்தியங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கேட்கும். மற்றது, 1972 மே 1 அன்று வாஷிங்டன் கென்னடி சென்டரில், சொந்த ஊரில், நீண்ட இடைவெளிக்குப் பிறகு அவர் மேடை ஏறிய கச்சேரி. அதில் பழைய பாட்டுகளைக் கோர்வையாகப் பாடி முடித்ததும் தட்டின் இரண்டாம் பக்கத்தைத்தான் முதலில் பாடுகிறார்: ‘ரைட் ஆன்’, ‘ஹோலி ஹோலி’, ‘இன்னர் சிட்டி’. பிறகே முதல் பக்கத்துக்கு வருகிறார்.

நீங்களும் அப்படியே தட்டைத் திருப்பிப் போட்டுத் தொடங்குங்கள். ‘ரைட் ஆன்’ ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும், புல்லாங்குழலும் கரகரவென்று சுரண்டும் தாளக் கருவியும் வரும், அவசரப்படாதீர்கள். ‘இன்னர் சிட்டி’ தேய்ந்து முடியும் இடத்தில் முதல் பாட்டின் குரல் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அப்போது திருப்பிப் போட்டு முதல் பக்கத்தை வையுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.